ஒரு பரப்பு நிலம்

யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நிலத்தைப் பரப்புக் கணக்கில் அளப்பர். 10 பேர்ச் கொண்டது ஒரு பரப்பு; 16 பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர். பெருங்கமஞ் செய்வோர் கண்ணுக்கு ஒரு பரப்பு நிலம் ஒரு பொருட்டன்று. ஒரு வீட்டைக் கட்டிக் கிணற்றையும் வெட்டினால் எஞ்சுவது முற்றம் மாத்திரமே. ஆயினும், இந்த அளவான ஒரு துண்டு நிலத்துக்காக ஒரு நாட்டின் ஏழை மக்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தனர், கெஞ்சினர், கிளர்ந்தெழுந்தனர், ஈற்றிலே சட்டத்தின் வாயிலாக அதனைப் பெற்றனர். அந்த நாடு இங்கிலாந்து.

அங்கே கிராமத்தின் எல்லையிலோ நகரத்தின் ஓரத்திலோ உள்ள ஒரு நிலத்தைச் சிறு துண்டுகளாக வகுத்து, சொந்தத் தோட்டம் இல்லாத குடும்பங்கள் காய்கறி பயிரிடுவதற்காகச் சிறு வாடகைக்கு விடுவது வழக்கம். அதனைப் பங்குத் தோட்டம் என்று தமிழிற் கூறலாம். காலப்போக்கிலே நிலைபெற்ற ஒரு பங்கின் அளவு 10 கோல். அங்கே கோல் என வழங்குவதும் இலங்கையிற் பேர்ச் என வழங்குவதும் ஒரே அளவையே. ஆகவே, ஆங்கிலத் தொழிலாளியின் தோட்டப் பங்கு யாழ்ப்பாணத்து ஒரு பரப்புக்குச் சரியானது. அந்த ஒரு பரப்பின் வரலாறு ஏழையின் உணவைப் பற்றிய வரலாறு. அதனினும் மேலாக, தயவாகக் கிடைப்பதற்கும் உரிமையாகக் கிடைப்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டின் வரலாறு.

முற்காலத்து ஆங்கிலக் கிராமத்திலே கூலியாள் கூலியை மாத்திரம் நம்பி வாழ்ந்தவன் அல்லன். ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலமும் புதர்க்காடும் பெரும்பாலான ஊர்களில் இருந்தன. அங்கே அவன் ஒரு பசுவை மேயவிட்டான். அவன் மனைவி வாத்துகளை வளர்த்தாள். பிள்ளைகள் விறகு பொறுக்கினர். அறுவடை முடிந்த வயலிலே சிந்திய கதிர்களைப் பொறுக்கிக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. பசு இருந்தமையாற் பிள்ளைகளுக்குப் பால் இருந்தது. விறகு இருந்தமையால் அடுப்பிலே சூடான உணவு இருந்தது. இவற்றுக்கு எவரும் விலை குறித்ததில்லை. ஆனால் இவையே ஏழைக் குடும்பத்தைத் தாங்கிய தூண்கள்.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடக்கம் இந்தத் தூண்கள் ஒவ்வொன்றாக வீழ்ந்தன. பொதுநிலங்களை வேலியிட்டுத் தனியார் உடைமையாக்கும் சட்டங்களை இங்கிலாந்தின் பாராளுமன்றம் ஊர் ஊராக நிறைவேற்றியது. நூறு ஆண்டுக் காலத்துள் இத்தகைய சட்டங்கள் ஏறக்குறைய 4,000 நிறைவேறின. விளைச்சல் பெருகும் என்பதே இவற்றுக்குக் கூறப்பட்ட நியாயம். பல இடங்களில் விளைச்சல் பெருகவுஞ் செய்தது. ஆனால் அந்த விளைச்சல் யாருடைய களஞ்சியத்துக்குப் போயிற்று என்பதே வினா. உறுதிப் பத்திரம் உடையோர் தத்தம் பங்கைப் பெற்றனர். சிறிய பங்கைப் பெற்றவர்களுட் பலர், வேலியடைக்கும் செலவைத் தாங்கமாட்டாமல் அதனையும் விற்றனர். வழக்கத்தையன்றி வேறு ஆதாரம் இல்லாத குடிசைவாசிகளோ ஒன்றும் பெறவில்லை. பசு போயிற்று, பசுவோடு பாலும் போயிற்று. விறகு போயிற்று, விறகோடு சமையலும் குன்றிற்று. தென்பகுதிக் கிராமங்களிலே கூலியாளின் உணவு கடைப்பாண், சிறிது பாற்கட்டி, நீர்த்த தேநீர் என்ற அளவிற் சுருங்கிற்று.

1795ஆம் ஆண்டிலே கோதுமை தட்டுப்பட்டுப் பாணின் விலை ஏறியது. அவ்வாண்டு மே மாதத்திலே பேர்க்சயர் மாகாணத்து நீதவான்கள் ஸ்பீன்ஹம்லண்ட் என்னும் இடத்திற் கூடி ஒரு கணக்கை வகுத்தனர். 8 இறாத்தல் 11 அவுன்ஸ் நிறையுள்ள பாண் ஒரு சிலிங்குக்கு விற்குமாயின், ஓர் ஆளுக்கு வாரம் 3 சிலிங் கிடைத்தல் வேண்டும். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தலைக்கு ஒன்றரைச் சிலிங் கிடைத்தல் வேண்டும். கூலி போதாதெனில் ஊர் வரிப்பணத்திலிருந்து மிகுதியைக் கொடுத்தல் வேண்டும். இது பட்டினியை ஓரளவு தடுத்தது. ஆனால் கூலி கொடுப்போர் குறைவாகக் கொடுக்கவும், குறையை ஊர் நிரப்பவும் இஃது இடமளித்தது. உழைப்பவனே பிச்சை பெறுபவனும் ஆனான். அவன் உயிர்வாழ்வதற்குரிய கணக்கிலே பாண் இருந்தது. பாலுமில்லை, கீரையுமில்லை, கிழங்குமில்லை.

இந்த வேளையிலே வேறொரு வழியைச் சிலர் கண்டனர். 1796இல் ஏழைகளின் நிலையை உயர்த்துவதற்கென இலண்டனில் ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அதனை நிறுவியவர்களுள் ஒருவரான தோமஸ் பேர்னாட், 1797இல் யோர்க்சயரிலுள்ள ரட்காஸ்டர் என்னும் ஊருக்கு அருகே வாழ்ந்த அபொட் என்ற முதிய கூலியாளின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். அபொட் முன்பு வேறோர் ஊரிலே சிறிது நிலமும் பசு மேய்க்கும் உரிமையும் உடையவராய் வாழ்ந்தவர். அவ்வூர்ப் பொதுநிலம் வேலியடைக்கப்பட்டபோது அனைத்தையும் இழந்து, மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் தெருவுக்கு வந்தார். நிலக்கிழார் ஒருவரிடம் தெருவோரத்திலே கிடந்த ஒரு துண்டு நிலத்தைக் கேட்டார். அவர் கொடுத்தது கால் ஏக்கர். அதாவது 4 பரப்பு. அபொட் அதனைச் சுற்றி உயிர்வேலி நட்டார், குடிசை கட்டினார், ஆப்பிள் முதலிய பழமரங்களை வளர்த்தார், தேனீக்களையும் வளர்த்தார். ஆண்டுதோறும் ஏறக்குறைய 40 புசல் உருளைக்கிழங்கும் வேறு மரக்கறிகளும் அந்நிலத்தில் விளைந்தன. ஊராரின் உதவிப் பணத்தை நாடாமலே அவர் தம் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

பேர்னாட்டின் கட்டுரையைப் பலரும் படித்தனர். நிலத்தைப் பறித்தமையால் வந்த துன்பத்தை நிலத்தைக் கொடுத்தே தீர்க்கலாம் என்ற எண்ணம் மெல்லப் பரவியது. வில்ட்சயரிலுள்ள கிரேற் சமபோட் என்ற ஊரின் பொதுநிலம் வேலியடைக்கப்பட இருந்தபோது, அவ்வூர்க் குரு ஸ்ரீபன் டெமெயின்பிறே ஏழைகளுக்கெனச் சில ஏக்கரை என்றென்றைக்கும் ஒதுக்கிவைக்குமாறு வேண்டிப் பெற்றார். 1809இல் ஏற்பட்ட அந்தத் தோட்டங்கள் இன்றும் பயிரிடப்படுகின்றன. இங்கிலாந்தின் பங்குத் தோட்டங்களுள் மிகப் பழையவை என அவை போற்றப்படுகின்றன. 1819இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, ஊர்ச்சபைகள் 20 ஏக்கர் வரையிலான நிலத்தைப் பெற்று ஏழைகளுக்குப் பகிர்ந்து விடலாம் என அனுமதித்தது. அனுமதித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியோர் செய்தனர், விரும்பாதோர் வாளாவிருந்தனர்.

வாளாவிருந்தோரை 1830ஆம் ஆண்டு எழுப்பியது. அவ்வாண்டின் பிற்பகுதியிலே கென்ட் மாகாணத்திலே தொடங்கித் தென்னிங்கிலாந்து முழுவதிலும் கூலியாட்கள் கிளர்ந்தெழுந்தனர். தங்கள் குளிர்காலப் பிழைப்பைப் பறித்த சூடடிக்கும் இயந்திரங்களை உடைத்தனர். வைக்கோற் போர்களுக்குத் தீயிட்டனர். அரசாங்கம் கடுமையாகத் தண்டித்தது. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். நானூற்றுக்கு மேற்பட்டோர் கப்பலேற்றி நாடு கடத்தப்பட்டனர். அதன் பின்னரே பெருநிலக்கிழார் பலர் தத்தம் ஊரிலே பங்குத் தோட்டங்களைத் திறந்தனர். இரக்கம் ஒரு காரணம். அச்சம் மற்றொரு காரணம். ஊர்வரி குறையும் என்ற கணக்கு மூன்றாவது காரணம்.

இவ்வாறு கிடைத்த நிலத்துக்கு நிபந்தனைகளும் பல இருந்தன. ஞாயிற்றுக்கிழமையில் மண்வெட்டியைத் தொடலாகாது. கோயிலுக்கு ஒழுங்காகச் செல்லுதல் வேண்டும். குற்றஞ் செய்தவன் பங்கை இழப்பான். பல ஊர்களில் ஏர் பூட்டலாகாது, மண்வெட்டியால் மாத்திரமே கொத்தவேண்டும். அயலிலே பெருங்கமஞ் செய்வோன் ஏக்கருக்குக் கொடுத்த வாடகையிலும் கூடுதலான வாடகையைக் கூலியாள் தன் சிறு துண்டுக்குக் கொடுத்தான். கமக்காரர் பலர் இத்தோட்டங்களை வெறுத்தனர். தன் நிலத்தைக் கொத்துவதற்காகக் கூலியாள் பகலிலே தன் வலிமையைச் சேமித்து வைப்பான் என்பது அவர்களது முறைப்பாடு. உண்மையிலே அவன் பகல் முழுவதும் பிறர் நிலத்திலே உழைத்துவிட்டு, அந்தி ஒளியிலே தன் நிலத்தைக் கொத்தினான். மனைவியும் மக்களும் களை பிடுங்கினர், கல் பொறுக்கினர்.

அந்த உழைப்பின் பயன் சிறிதன்று. உருளைக்கிழங்கு, கோவா, வெங்காயம், அவரை, கரட் ஆகியன விளைந்தன. கிழங்கின் தோலையும் கழிவையும் தின்று ஒரு பன்றி வளர்ந்தது. பன்றியின் எரு திரும்பவும் நிலத்துக்கே சென்றது. பன்றியை அறுத்து உப்பிட்டால், குளிர்காலத்திலே பிள்ளைகளின் தட்டில் இறைச்சியும் கொழுப்பும் இருந்தன. பாணும் தேநீருமாய்ச் சுருங்கியிருந்த உணவு மீண்டும் ஓரளவு விரிந்தது. உயிர்ச்சத்து என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, தோட்டம் உள்ள குடும்பத்துக்கும் இல்லாத குடும்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கிராமத்தவர் தம் பிள்ளைகளின் முகத்திலே கண்டிருந்தனர்.

ஆனால் தயவாகக் கிடைத்தது தயவின் அளவாகவே நின்றது. 1845ஆம் ஆண்டு வேலியடைப்புச் சட்டம், இனி அடைக்கப்படும் பொதுநிலங்களில் ஏழைகளின் தோட்டங்களுக்கு இடம் ஒதுக்கலாம் எனக் கூறியது. அடுத்த 24 ஆண்டுகளில் ஏறக்குறைய 615,000 ஏக்கர் அடைக்கப்பட்டது. அதிலே ஏழைகளின் தோட்டத்துக்கென ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய 2,200 ஏக்கர். அஃதாவது 280 ஏக்கர் எடுத்தவர்கள் ஓர் ஏக்கரைத் திருப்பிக் கொடுத்தனர். தனியார் கொடுத்தவற்றையும் சேர்த்து 1873இல் நாட்டிலே ஏறக்குறைய 240,000 பங்குத் தோட்டங்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில், உடையவன் மனம் மாறினால் பயிரிட்டவன் வெளியேற வேண்டியதே.

இந்நிலையை மாற்றியது வாக்குரிமை. 1872இல் யோசேப் ஆர்ச் என்ற கமத்தொழிலாளி, தம்மைப் போன்றோரைத் திரட்டித் தேசிய அளவிலான தொழிற்சங்கம் ஒன்றை அமைத்தார். 1884ஆம் ஆண்டுச் சட்டத்தால், கிராமத்திலே வீடு வைத்திருந்த தொழிலாளிக்கும் வாக்குரிமை கிடைத்தது. 1885ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே யோசேப் ஆர்ச் பாராளுமன்றம் புகுந்தார். அதே தேர்தலிலே ஜெசி கொலிங்ஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தோரும், ஏழைக்கு மூன்று ஏக்கரும் ஒரு பசுவும் வேண்டும் என ஊர்தோறும் முழங்கினர். நூறு ஆண்டுகளுக்கு முன் பறிபோன பசு தேர்தல் மேடையிலே மீண்டும் தோன்றியது. 1886 சனவரியில் கொலிங்ஸ் கொண்டுவந்த திருத்தப் பிரேரணையிலே தோல்வியுற்று, சோல்ஸ்பரிப் பிரபுவின் அரசாங்கம் பதவி இழந்தது. கூலியாளின் தோட்டம் ஓர் அரசாங்கத்தையே வீழ்த்தும் பொருளாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1887இல், தேவைப்பட்டோர்க்குத் தோட்ட நிலம் தேடிக்கொடுக்கும் கடமையை உள்ளூர் அதிகாரிகள்மேற் சுமத்திய முதற் சட்டம் பிறந்தது.

அச்சட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. அதிகாரிகள் பலர் தயங்கினர். 1908ஆம் ஆண்டுச் சட்டமே அடித்தளத்தை உறுதியாக்கியது. வாக்காளர் அல்லது வரியிறுப்போர் ஆறு பேர் ஒன்றுகூடி எழுத்திலே கேட்டால், உள்ளூர் மன்றம் அவ்வேண்டுகோளைக் கவனித்தே ஆகவேண்டும்; தேவை உண்டெனக் கண்டால் நிலம் கொடுத்தே ஆகவேண்டும். 1922இல் வந்த சட்டம், பயிரிடுவோனைத் தக்க முன்னறிவித்தல் இன்றி எழுப்பலாகாது எனவும், பயிருக்கு நட்டஈடு கொடுத்தல் வேண்டும் எனவும் விதித்தது. மன்றங்கள் தோட்டத்துக்கென வாங்கிய நிலத்தை அமைச்சரின் இசைவின்றி விற்றலாகாது என 1925ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. ஆறு பேரின் கையொப்பம் ஒரு நிலக்கிழாரின் தயவை வென்றது.

இந்த உரிமையின் பெறுமதி போர்க்காலத்திலே வெளிப்பட்டது. முதலாம் உலகப் போரின்போது செர்மனிய நீர்மூழ்கிகள் உணவுக் கப்பல்களைத் தாக்கின. 1916ஆம் ஆண்டு இறுதியில் அரசாங்கம் வெற்று நிலங்களைப் பயிர்ச்செய்கைக்கு எடுக்க அதிகாரமளித்தது. 1918இல் நாட்டிலே ஏறக்குறைய 15 இலட்சம் பங்குத் தோட்டங்கள் இருந்தன. புகையிரதப் பாதையின் ஓரங்களிலும் நகரப் பூங்காக்களிலும் கிழங்கு விளைந்தது.

ஆனால் கடுமையான சோதனை சமாதான காலத்திலேயே வந்தது. 1926ஆம் ஆண்டு நிலக்கரித் தகராறுக்குப் பின், தென் வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களில் வேலையில்லாத் துயரம் நிலைத்து நின்றது. குவேக்கர் எனப்படும் நண்பர் சங்கத்தார் அங்கு சென்று விதை, விதைக்கிழங்கு, எரு, கருவிகள் ஆகியவற்றைக் குறைந்த விலையிற் கொடுத்தனர். இலவசமாகக் கொடுத்தனரல்லர், விலையின் ஒரு பங்கைச் சில்லறை சில்லறையாகத் தொழிலாளரே செலுத்தினர். கையேந்தும் வெட்கம் அவர்களைத் தீண்டலாகாது என்பது இதன் நோக்கம். சுரங்கத்திலே வேலை இழந்தவன் மண்வெட்டியோடு காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டான். மாலையிலே கோவாவும் கிழங்கும் கொண்டு திரும்பினான். பல்லாயிரவர்க்கு அந்த உதவி கிட்டியது.

அத்தோட்டங்கள் எவ்வளவு அவசியமானவை என்பதை 1936இல் ஜோன் போய்ட் ஓர் என்னும் அறிஞர் எண்களால் நிறுவினார். பிரித்தானிய மக்களை வருமானத்தின்படி ஆறு பிரிவாக்கி அவர்களது உணவை அவர் ஆராய்ந்தார். மிக வறிய பிரிவிலே 45 இலட்சம் மக்கள் இருந்தனர். உணவுக்கு ஓர் ஆளுக்கு வாரம் ஏறக்குறைய 4 சிலிங் செலவிட்ட அவர்களின் உணவில், ஆராயப்பட்ட சத்துகள் அனைத்தும் குறைவாயிருந்தன. பாலும் பழமும் மரக்கறியும் வருமானத்தோடு ஏறின, வருமானத்தோடு இறங்கின. பாணோ எல்லாப் பிரிவினரின் மேசையிலும் ஏறக்குறைய ஒரே அளவாயிருந்தது. ஸ்பீன்ஹம்லண்ட் நீதவான்களின் பாண் கணக்கு 140 ஆண்டுகளின் பின்னரும் ஏழையை விட்டு நீங்கவில்லை. இவ்வாராய்ச்சியாளரே பின்பு ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்துக்கு முதல் தலைவராகி, 1949இல் சமாதானத்துக்கான நோபல் பரிசையும் பெற்றார்.

இரண்டாம் உலகப் போர் 1939 செப்ரெம்பரில் மூண்டது. அடுத்த மாதமே விவசாய அமைச்சர் றெஜினால்ட் டோர்மன் சிமித் வானொலியிலே பேசி, மேலும் ஐந்து இலட்சம் பங்குத் தோட்டங்கள் வேண்டும் எனக் கேட்டார். வெற்றிக்காகக் கொத்துங்கள் என்ற அழைப்பு நாடெங்கும் ஒலித்தது. அமைச்சு வெளியிட்ட துண்டுப் பிரசுரமொன்று, 90 அடி நீளமும் 30 அடி அகலமும் கொண்ட நிலத்திலே ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்துக்கு மரக்கறி விளைவிக்கும் முறையைப் படம் வரைந்து காட்டியது. அந்த 90 அடியும் 30 அடியும் சேர்ந்த பரப்பே ஏறக்குறைய 10 கோல். 1943இல் 14 இலட்சம் தோட்டங்கள் பயிராயின. இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழியிலும் கோவா வளர்ந்தது.

இந்த முயற்சியிலே வானொலி ஆற்றிய பணி தனியே கூறத்தக்கது. மிடில்டன் என்னும் தோட்டக்கலை அறிஞர் ஞாயிறு பிற்பகல்தோறும் பீபீசி வானொலியிற் பேசினார். ஏறக்குறைய 35 இலட்சம் பேர் கேட்டனர். நாற்றை எப்போது நடுவது, கூட்டெருவை எவ்வாறு ஆக்குவது, புழுவை எவ்வாறு விலக்குவது என்பனவற்றை அயல்வீட்டுப் பெரியவர் வேலியோரம் நின்று கூறுவதுபோல அவர் கூறினார். மண்ணையே தொட்டறியாத தட்டச்சுக்காரரும் கடைச் சிப்பந்திகளும் அவர் சொற்கேட்டு மண்வெட்டி எடுத்தனர்.

1939இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 51 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. குண்டு மழையும் தட்டுப்பாடும் நிறைந்த ஆறு ஆண்டுகளின் பின், 1945இல், அத்தொகை 46 ஆகக் குறைந்தது. இதன் புகழ் முழுவதையும் தோட்டத்துக்கு அளித்தல் பொருந்தாது. நீதியான உணவுப் பங்கீடு, தாய்மார்க்கும் குழந்தைகளுக்கும் குறைந்த விலையிலும் இலவசமாகவும் வழங்கிய பால், மீனெண்ணெய், சீரான வேலை, ஓரளவு உயர்ந்த கூலி ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஏழையின் மேசையைச் சீர்ப்படுத்தின. ஆயினும், தோடம்பழக் கப்பல்கள் அரிதாகிவிட்ட காலத்திலே உயிர்ச்சத்து சீ பெருமளவிற் கிழங்கிலிருந்தும் இலைமரக்கறிகளிலிருந்துமே மக்களுக்குக் கிடைத்தது. அவற்றை வீட்டுக்கு அண்மையிலேயே விளைவித்தவை இச்சிறு தோட்டங்கள்.

போர் முடிந்தது, தட்டுப்பாடும் நீங்கியது. கடைகளிலே மரக்கறி மலிந்தபோது பலர் மண்வெட்டியைக் கீழே வைத்தனர். போர்க்காலத்துக்கென இரவல் பெற்ற பூங்காக்கள் மீண்டும் பூங்காக்களாயின; வீடுகளும் தெருக்களும் பல தோட்டங்களை விழுங்கின. 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலே எஞ்சியவை ஏறக்குறைய 3 இலட்சம். ஆனால் அவை எவ்வாறு எஞ்சின என்பதை நோக்குதல் வேண்டும். அவசரத்துக்காகக் கொடுக்கப்பட்ட நிலம் அவசரம் தீர்ந்ததும் திரும்பிச் சென்றது. சட்டத்தின் காவலுள்ள நிலத்தை எடுப்பது எளிதாயிருக்கவில்லை. 21ஆம் நூற்றாண்டிலே தோட்டங்களின்மீது மக்களுக்கு மீண்டும் ஆர்வம் பிறந்து, பங்கு கேட்போர் நகரங்களிலே ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்பட்டபோது, அவர்களுக்குக் கொடுப்பதற்கு நிலம் இருந்தது எனின், அதற்குக் காரணம் 1908ஆம் ஆண்டும் 1925ஆம் ஆண்டும் எழுதப்பட்ட சில வரிகளே.

மண் எல்லாக் காலத்திலும் ஒரே மண்தான். நிலக்கிழார் மனமிரங்கிக் கொடுத்தபோதும் அதிலே கிழங்கு விளைந்தது. மன்றம் கடமையாகக் கொடுத்தபோதும் அதே கிழங்கே விளைந்தது. ஆனால் நாளைக்கும் இந்நிலம் தனக்கு உண்டு என்று அறிந்தவன் மாத்திரமே எருவிட்டு மண்ணை வளப்படுத்துவான். மூன்றாண்டின் பின் காய்க்கும் மரத்தை நடுவான். ஏழையின் பிள்ளைக்குக் கீரையும் கிழங்கும் ஒருநாள் விருந்தாகக் கிடைத்தாற் போதாது. ஆண்டு முழுவதும் கிடைத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய நிலம் பெரிதன்று. ஒரு பரப்பு போதும். அந்த ஒரு பரப்பு, கேட்டுப் பெறும் பிச்சையாக அன்றி, கேட்டால் மறுக்க முடியாத உரிமையாக இருத்தல் வேண்டும் என்பதே ஆங்கில நாட்டுக் கூலியாளன் தன் மண்வெட்டியால் எழுதிவைத்த பாடம்.